எதிரே நின்று மெசேஜ் அனுப்புகிறவர்

டாக்டர் வந்துவிட்டார் என்பதை எங்கள் மாடியில் காலடிச் சத்தத்தை வைத்தோ குரலை வைத்தோ யாரும் தெரிந்துகொண்டதில்லை. எல்லோருடைய பையிலும் போன் ஒரே சமயத்தில் ஒருமுறை துள்ளும். எடுத்துப் பார்த்தால், "காலை வணக்கம். வந்துவிட்டேன்" என்று குரூப்பில் இருக்கும். நிமிர்ந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், மனிதர் நின்றுகொண்டிருப்பார். கண்கள் மட்டும் நம் முகத்தைத் தவிர வேறு எங்காவது இருக்கும். பெரும்பாலும் சுவர்க் கடிகாரத்தில்.

ஆழ்வார்பேட்டையில், பெரியது என்றும் சொல்ல முடியாத, சின்னது என்றும் சொல்ல முடியாத ஓர் ஆஸ்பத்திரி அது. மூன்றாவது மாடி முழுக்கச் சிறுநீரகக் கோளாறுக்காரர்கள். அவர்தான் அந்த மாடிக்குப் பெரிய டாக்டர். நான் டயட்டீஷியன், நோயாளிகளைக் கேட்டால், சோற்றிலிருந்து உப்பைப் பிடுங்கிக்கொண்டு போகிறவள். ஊசி போடுகிறவர்களைக்கூட மன்னித்துவிடுவார்கள், என்னை மன்னிக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கும் வாய் கொஞ்சம் நீளமாகிவிட்டது. அப்படிப்பட்டவள் வாயே திறக்காத ஒருவரிடம் போய் வேலைக்குச் சேர்ந்தது என் ஜாதகக் கோளாறு.

வாய் திறக்காதவர் என்றால் பேசத் தெரியாதவர் என்று அர்த்தமில்லை. போனைக் கையில் எடுத்துவிட்டால் அவரைப்போலப் பேசுகிறவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. மற்ற டாக்டர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிற இடத்தில் இவர் முற்றுப்புள்ளி வைத்து, பத்தி பிரித்து எழுதுவார். "ஏழாம் படுக்கைக்காரர் இன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் செட் புதிதென்று நினைக்கிறேன். எதற்கும் ரத்த அழுத்தத்தை இன்னொரு முறை பாருங்கள்" என்று வரும். "பன்னிரண்டாம் படுக்கையின் மருமகள் கொண்டுவந்த தூக்கில் மாவடு வாசனை. நம் டயட்டீஷியன் எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறார்?" என்று வரும். நான் ஒளிந்துகொள்ளவில்லை, அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிக் கேட்டிருக்கலாம். அது அவரால் ஆகாது.

மனிதர் முகத்தைப் பார்த்தால் அவருக்குச் சொல் வராது. அவ்வளவுதான் விஷயம். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. சின்ன வயதில் யாரோ வாத்தியார் வகுப்பில் நிற்கவைத்து மிரட்டியிருக்க வேண்டும் என்பது ஸ்டெல்லா சிஸ்டரின் கட்சி. எங்கள் மாடியின் தலைமை நர்ஸ் அவர். "இல்ல சிஸ்டர், நல்லாப் பேசுற புள்ள, யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்பது மும்தாஜ் அக்காவின் தீர்ப்பு. மும்தாஜ் அக்கா ராயப்பேட்டையிலிருந்து வருகிறவர். படுக்கை மாற்றுவது, நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவர் பொறுப்பு. யாருக்குக் கண் பட்டாலும் அவரிடம் எலுமிச்சம்பழம் உண்டு. டாக்டரின் மேஜைமேலும் ஒருநாள் ஒன்று இருந்தது. "இந்த எலுமிச்சம்பழம் எந்த நோயாளியுடையது?" என்று குரூப்பில் கேட்டார்.

அவர் ரவுண்ட்ஸ் போவதைப் பார்க்க வேண்டும். நோயாளியின் காலை அழுத்திப் பார்ப்பார், வீக்கம் எவ்வளவு என்று. இமையை இழுத்துப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல வெகுநேரம் இருப்பார். அப்புறம் போனை எடுத்துத் தட்டுவார். பக்கத்தில் நிற்கிற ஸ்டெல்லா சிஸ்டரின் போன் துள்ளும். சிஸ்டர் அதைப் பார்த்து, "டாக்டர் சொல்றாரு, வீக்கம் நல்லாக் கொறஞ்சிருக்காம், நாளைக்கு வீட்டுக்குப் போலாமாம்" என்பார். டாக்டர் தலையாட்டுவார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்குப் பதில் மாப்பிள்ளையின் அக்கா பேசுவதைப்போல இருக்கும். சிஸ்டர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்த அன்று பெரும்பாடு. இவர் அனுப்பிவிட்டு நிற்பார், நோயாளி இவர் முகத்தைப் பார்ப்பார், இவர் போனைப் பார்ப்பார். நோயாளியின் மனைவி அதற்குள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் கீழே போய், பார்க்கிங்கில் தன் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எங்கள் மாடியின் லேண்ட்லைனுக்குப் போன் செய்வார். அப்போது கேட்க வேண்டும் அந்தக் குரலை. மணி மாதிரி இருக்கும். "ஸ்டெல்லா, இப்போ பேசலாமா?" என்று ஆரம்பித்து ஒவ்வொரு படுக்கையாக வருவார். சிஸ்டர் ஸ்பீக்கரில் போடுவார். நாங்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றிக்கொள்வோம். கிண்டல், கண்டிப்பு, "மும்தாஜ், உங்க அபிப்பிராயம் என்ன?" எல்லாம் அதில் உண்டு. அதற்குக் 'கார் ரவுண்ட்ஸ்' என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். "மேல வந்தா வாய்க்குப் பூட்டு, கார்ல குந்துனா ரேடியோ" என்பார் மும்தாஜ் அக்கா.

ஒருநாள் ஏதோ அவசரச் சந்தேகம் கேட்க நானே பார்க்கிங்குக்கு ஓடினேன். உள்ளே மனிதர் போனில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் வாக்கியம் பாதியில் நின்றது. கண்ணாடி விரற்கடை அளவு இறங்கியது. அடுத்து அந்த இடுக்கு வழியாகக் குரல் வரும் என்று காதைக் கொண்டுபோனேன். கையிலிருந்த என் போன் துள்ளியது. "சொல்லுங்கள்."

இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளினாய் என்று என் வீட்டில் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், நான் வேலை பார்த்த இடங்களிலேயே எல்லோரும் எல்லோரிடமும் பேசிக்கொண்ட இடம் அதுதான். மற்ற மாடிகளில் டாக்டர்களுக்கு ஒரு குரூப், நர்ஸ்களுக்கு ஒரு குரூப், மற்றவர்களுக்குத் திட்டு. இவர் வந்த உடனே ஒரே குரூப்பாக்கி, டயாலிசிஸ் டெக்னீஷியன், நான், மும்தாஜ் அக்கா எல்லோரையும் சேர்த்துவிட்டார். நோயாளியின் பெயரை எழுதக் கூடாது, படுக்கை எண் மட்டும். யார் எதைப் பார்த்தாலும் எழுதலாம். மும்தாஜ் அக்காவுக்குத் தட்டச்சு வராது. குரலிலேயே அனுப்புவார். தள்ளுவண்டியின் கிறீச்சொலி, லிஃப்ட்காரரோடு நடக்கும் சண்டை, நடுவில் வேகமாக வரும் உருது வசவு எல்லாம் அதில் கலந்திருக்கும். எங்கோ இடையில் "ஒம்பதாம் பெட்டு ஐயா சாப்புடாம தட்டை மூடி வச்சிட்டாரு, டாக்டர் சாப்" என்பதும் இருக்கும். நாங்கள் பாதியில் நிறுத்திவிடுவோம். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "லிஃப்ட்காரர் என்ன பதில் சொன்னார்?" என்று எழுதுவார்.

ராகிக் கஞ்சிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கேன்டீன்காரர் ஒருவர் காலையில் எல்லா அறைகளுக்கும் தட்டு எடுத்துக்கொண்டு வருவார். டாக்டரின் மேஜைமேல் தினமும் ஒரு டம்ளர் ராகிக் கஞ்சியை வைத்துவிட்டுப் போவார். டாக்டர் தினமும் குடிப்பார். மாதக்கணக்கில் இது நடந்திருக்கிறது. கேன்டீன்காரரிடம் டாக்டருடைய நம்பர் இல்லை, டாக்டரிடம் அவர் நம்பர் இல்லை. ஆகவே தனக்குக் காபி வேண்டும் என்று டாக்டர் சொல்ல வழியில்லை. கடைசியில் ஒருநாள் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது: "இந்தக் கஞ்சியை எனக்கு நீங்கள் எழுதிக்கொடுத்திருந்தால், எந்த வியாதிக்கு என்று தயவுசெய்து தெரிவிக்கவும்." நான் கேன்டீனுக்குப் போய் விசாரித்தேன். "டாக்டரு ஒண்ணுமே சொல்லாம குடிச்சிடுறாரு மேடம், ரொம்பப் பிடிக்கும்போலன்னு நெனச்சு தெனம் ஸ்பெஷலாப் போட்டுக்கினு வரேன்" என்றார் அவர். அதைப் போய் டாக்டரிடம் சொன்ன பிறகு காபி வந்ததா என்றால், இல்லை. ஸ்பெஷலாகப் போடுகிறார் என்று தெரிந்ததும் அவருக்குக் கஞ்சியை நிறுத்த மனம் வரவில்லை.

நிர்வாகத்துக்கும் இவர் விஷயம் காதில் விழுந்திருக்கும். ஊழியர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பழக வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். இரண்டிரண்டு பேராக மேஜைக்கு இருபுறமும் எதிரெதிரே நாற்காலி போட்டு, கண்ணைப் பார்த்து, எதிரில் இருப்பவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு எதிரில் அவர் வந்து வாய்த்தார். சுற்றிலும் "நீங்க ரொம்பப் பொறுமைசாலி", "நீங்க எப்பவும் சிரிச்ச முகம்" என்று பொய்கள் பறந்துகொண்டிருந்தன. இவர் நெற்றி வியர்க்கக் கடிகாரத்தைப் பார்த்தார். பயிற்சியாளர் பக்கத்தில் வந்து நின்று, "டிரை பண்ணுங்க சார்" என்றார். எனக்கே பாவமாகிவிட்டது. கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஏதோ செய்தார். என் மடியில் போன் துள்ளியது. "உங்களை அதிகம் திட்டுகிற நோயாளிகளுக்குத்தான் ரத்தப் பரிசோதனை நன்றாக வருகிறது. நெடுநாளாகக் கவனித்திருக்கிறேன்."

அந்த மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. என் வேலையைப் பற்றி அதைவிட நல்ல வார்த்தை யாரும் சொன்னதில்லை.

ஆனால் எல்லா நாளும் சிரிப்பாகப் போகவில்லை. மந்தைவெளிக்காரர் ஒருவர், நெடுநாள் நோயாளி, எங்கள் மாடியில் இறந்துபோனார். அவர் மகன் அழவில்லை, சத்தம் போடவில்லை. "டாக்டரைக் கொஞ்சம் வரச் சொல்றேளா? அப்பா கடைசில ரொம்ப சிரமப்பட்டாரான்னு அவர் வாயால கேட்டுண்டு போயிடறேன்" என்றார். டாக்டர் மாடிப்படிச் சந்தில் நின்றுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். சிஸ்டர் போய்க் கூப்பிட்டார். வரவில்லை. மகனின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. நீளமான மெசேஜ், அழகான மெசேஜ், ஒவ்வொரு சொல்லும் உண்மை. மகன் அதை இரண்டு தரம் படித்தார். "இத வச்சுண்டு நான் என்ன பண்ணட்டும்?" என்று சிஸ்டரைக் கேட்டார்.

எனக்கு அன்று டாக்டர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. குரூப்பில் "நான் போயிருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. யாரும் போடவில்லை.

பூங்காவனம் எங்கள் மாடிக்கு வந்தது அதற்கப்புறம்தான். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். கரையோர வீடுகளை எல்லாம் இடித்துக் கூட்டத்தோடு ஊருக்கு வெளியே அனுப்பியபின், செம்மஞ்சேரியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு ஓரம் கொய்யாப்பழம் விற்கிறவர். கொய்யாவை நாலாக வகிர்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதில் பழமும் ஆகாது, உப்பும் ஆகாது. எனக்கென்றே கடவுள் செய்து அனுப்பிய எதிரி.

"இன்னா டயட்டு, இது இட்லியா, தலகாணிப் பஞ்சா?" என்பார் காலையில். பெயரெல்லாம் கிடையாது, நான் 'டயட்டு'.

"உப்பு இல்லாம சாப்பிட்டுப் பழகுங்கம்மா."

"நீ துன்னுவியா இத்த? துன்னு காட்டு, அப்பால நான் துன்றேன்."

தின்று காட்டினேன். பஞ்சுதான். அதற்காக விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை என்பதால் எங்களுக்குள் ஒருவிதமான சிநேகம் உண்டாகிவிட்டது.

ஒருநாள் காலை ரத்தப் பரிசோதனை வந்தபோது சிரிப்பு நின்றது. பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்தது. நெஞ்சில் நீர் கோத்து, படுக்க முடியாமல் இரண்டு தலையணைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரம் தாக்காட்டலாம். அதற்குள் டயாலிசிஸ் தொடங்கியாக வேண்டும், இல்லையென்றால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். மிஷின் தயார், டெக்னீஷியன் தயார். பூங்காவனம் மாட்டேன் என்றார்.

டூட்டி டாக்டர் காகிதத்தில் சிறுநீரகம் வரைந்து விளக்கினார். "நல்லா வரையிற" என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மகள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிஸ்டர் கெஞ்சினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அந்த வெள்ளத் தல டாக்டரு தெனம் வர்றாரு. காலப் புடிச்சிப் பாக்குறாரு. கையப் புடிச்சிக்கினு குந்திக்கினு கீறாரு. ஒரு வார்த்த பேசாம பூடுறாரு" என்றார், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு. "பொழைக்கிற ஆளா இருந்தா பேசமாட்டாரா? முடிஞ்சிபோச்சின்னு தெரிஞ்சிதான் வாயத் தொறக்கல. சாவப் போறவள மிஷின்ல வேற போட்டு இன்னாத்துக்கு? என்ன ஊட்டுக்கு இட்டுனு போங்கோ."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதை நாங்கள் எல்லோரும் அன்பு என்று நினைத்திருந்தோம். அந்தம்மா அதைத் துக்கம் விசாரிப்பதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் வராந்தாவில்தான் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. சிஸ்டரின் போன் துள்ளியது. சிஸ்டர் எடுத்து, "டாக்டர் சொல்றாரு, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"படிச்சிக் காட்டாத" என்றார் பூங்காவனம். "ரேசன் கடையிலகூடத்தான் நோட்டீசு ஒட்றான். அவருக்கு வாய் கீதுல்ல? அந்த வாயால சொல்லச் சொல்லு."

ஸ்டெல்லா சிஸ்டர் வெளியே வந்தார். அத்தனை வருஷம் டாக்டருக்கு வாயாக இருந்தவர். முகம் சிவந்திருந்தது. "இனிமே நான் படிக்க மாட்டேன் டாக்டர். அந்தம்மா கேக்குறது உங்கள" என்று சொல்லிவிட்டு, தன் போனை மேஜை இழுப்பறைக்குள் போட்டார். நான் என்னுடையதைப் போட்டேன். மும்தாஜ் அக்கா இடுப்பிலிருந்து எடுத்து, ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போட்டார். டூட்டி டாக்டர் கொஞ்சம் தயங்கினார். மும்தாஜ் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்ததும் அவரும் போட்டார். சிஸ்டர் இழுப்பறையை மூடினார்.

டாக்டர் எதையோ அவசரமாகத் தட்டினார். இழுப்பறை முழுக்க ஒரே சமயத்தில் உறுமியது. யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினார். மறுபடி உறுமியது. வேறு சமயமாக இருந்தால் சிரித்து உருண்டிருப்போம். அன்று உள்ளே அந்தம்மா மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. சுவரோரம் நின்றிருந்த மகளிடம் போனை நீட்டினார், நம்பர் அடிக்கிற பக்கத்தைத் திறந்து. அவளுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவின் நம்பரை அடித்துக்கொடுத்தாள்.

உள்ளே தலையணைக்கு அடியில் ஒரு பட்டன் போன் அலறியது.

"யாரு?"

"நான் டாக்டர் பேசுறேன்மா."

"எந்த டாக்டரு?"

"உங்க டாக்டர்தான். வெள்ளைத் தலை. வெளியிலதான் நிக்கிறேன்."

"வாசல்ல நின்னுக்கினு இன்னாத்துக்கு போனு? உள்ள வா."

"உள்ள வந்தா எனக்குப் பேச வராதும்மா."

கார் ரவுண்ட்ஸில் கேட்கிற அதே குரல். ஆனால் அது நடுங்கி நாங்கள் கேட்டதில்லை.

"ஏன் வராது?"

"மூஞ்சியப் பாத்தா வராது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

பூங்காவனம் யோசித்தார். அப்புறம், "சரி, போன காதுல வச்சிக்கினே வா. நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்" என்றார். சொன்னபடி, தலையணைகளோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். டாக்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நீரில் இறங்குகிறவர்போல மெதுவாக உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேர் காதிலும் போன். நாங்கள் வாசலில் நின்றோம்.

"நான் செத்துடுவனா?"

"இன்னிக்கு மிஷின் போட்டா, பொழைக்கிறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். போடலன்னா நாளைக்கு உங்களப் பாப்பேனான்னு எனக்குத் தெரியல."

"அப்பால எதுக்கு தெனம் கையப் புடிச்சிக்கினு அப்பிடி குந்திக்கினு இருந்த?"

"ஏதாவது பேசணும்னுதான். வரல."

"எங்க தெருவுல ஒர்த்தன மிஷின்ல போட்டாங்கோ. செத்துட்டான்."

"அவருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. உங்களுக்கு என்னன்னு தெரியும். கழுத்துல ஒரு ஊசி போடணும், அது வலிக்கும். அப்புறம் படிப்படியா மூச்சு எறங்கும். நான் கூடவே இருக்கேன்."

"பேசிக்கினு இருப்பியா?"

"இருப்பேன்" என்றார்.

அப்புறமும் பேசினார்கள். கொய்யாவைப் பற்றி, செம்மஞ்சேரி பஸ்ஸைப் பற்றி, மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி. என்னைப் பற்றிக்கூட ஏதோ புகார் வந்தது. டாக்டர் சிரித்தார், அவர் சிரிப்புச் சத்தத்தைக் கார் இல்லாத இடத்தில் நான் கேட்டது அன்றுதான். மும்தாஜ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். பூங்காவனம் மகளைக் கூப்பிட்டு, "எங்க கைநாட்டு வைக்கணும்னு கேளு" என்றார்.

சாயங்காலம் நான் இட்லி எடுத்துக்கொண்டு போனபோது மிஷின் முடிந்து மறுபடி தன் கட்டிலுக்கு வந்திருந்தார். நன்றாகச் சாய்ந்து படுத்திருந்தார். காலையில் அப்படிப் படுக்க முடியாமல் இருந்தவர். கழுத்தில் கட்டு. இட்லியைப் பார்த்ததும் "வந்துட்டியா" என்று முகத்தைச் சுளித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, அழுதேன்.

"சொம்மா அழுவாத. இத்தக் கொஞ்சம் சார்ஜ்ல போடு" என்று பட்டன் போனை நீட்டினார். வாங்கி அழுத்திப் பார்த்தேன். உயிரே இல்லை.

"எப்பம்மா ஆஃப் ஆச்சு?"

"அவரு வந்து ஸ்டூல்ல குந்துனாரு பாரு, அப்பவே பூட்ச்சி."

"அப்போ அவ்ளோ நேரம் இதையா காதுல வச்சிருந்தீங்க?"

"சொன்னா நிறுத்திடுவாரு இல்ல" என்றார். "பாவம், அப்பத்தான் பேசவே ஆரமிச்சாரு. அவருகிட்ட போய் சொல்லிக்கினு இருக்காத."

வெளியே வந்தேன். டாக்டர் மேஜையருகே நின்று நோயாளிகளின் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் போன் அணைந்துபோனால் இந்தப் பக்கம் கீங் கீங் என்று சத்தம் கேட்டுத் தொடர்பு அறுந்திருக்குமே. இவர் காதோடு அல்லவா அழுத்தி வைத்திருந்தார். சொல்லாதே என்று அந்தம்மா சொன்னதைக் காப்பாற்றுகிற வயிறு எனக்கு இல்லை.

"டாக்டர், அந்தம்மா போன் ஆரம்பத்துலயே ஆஃப் ஆயிடுச்சாம். உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் வைத்தார். போனை எடுத்து, அவசரப்படாமல் தட்டினார். இழுப்பறையிலிருந்து மீட்டு வைத்திருந்த என் போன் கையில் துள்ளியது.

"தெரியும். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த முறை திரும்பிப் பார்த்துவிடுவார்."